பேஸ்மென்ட் பார்க்கிங்கில் மட்டும் கார் ரிமோட் வேலை செய்வதில்லை: கோளாறு சாவியிலா, காரிலா?

மேடவாக்கத்தான்
வணக்கம் நண்பர்களே. 2019 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், புஷ் ஸ்டார்ட். கொஞ்ச நாளாக ரிமோட் படுத்துகிறது. எங்கள் ஃப்ளாட் பேஸ்மென்ட்டில் பத்தடி தூரத்தில் நின்று அன்லாக்கை அமுக்கினால் வண்டி கண்டுகொள்வதே இல்லை. பக்கத்தில் போய்க் கைப்பிடியில் இருக்கும் பட்டனைத் தொட்டால் சில நேரம் திறக்கிறது, சில நேரம் இல்லை. எப்படியோ திறந்து உள்ளே உட்கார்ந்துவிட்டால் ஸ்டார்ட் உடனே ஆகிவிடுகிறது. ரிமோட்டுக்குள் இருக்கும் செல்லைப் புதிதாகப் போட்டாயிற்று. சர்வீஸ் சென்டரில் வண்டியைப் பார்க்காமலே "சாவி போயிடுச்சு சார், புதுசு போட்டு ப்ரோகிராம் பண்ணணும்" என்று பதினோராயிரத்துக்கு எஸ்டிமேட் நீட்டுகிறார்கள். கொடுப்பதற்கு முன்னால் வீட்டிலேயே எதைப் பார்க்கலாம்?

அண்ணாநகர் டவர்
பேட்டரிதான். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

மேடவாக்கத்தான்
அண்ணே, புது செல் போட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறேனே.

ரிச்சித் தெரு வாசி
புது செல் என்பதாலேயே நல்ல செல் ஆகிவிடாது. கடையில் தொங்கும் அட்டை எத்தனை வருடமாகத் தொங்குகிறதோ யாருக்குத் தெரியும். மல்டிமீட்டர் இருந்தால் இப்படிப் பாருங்கள். சும்மா வைத்து அளந்தால் சிஆர்2032 என்கிற வட்டச் செல் 3.2 வோல்ட் வரை காட்டும். அதை நம்பாதீர்கள். பழைய செல்கூட சும்மா இருக்கும்போது 3 வோல்ட் காட்டிவிடும். சாவியைத் திறந்து, செல்லை அதன் இடத்திலேயே வைத்து, மீட்டர் முனைகளைத் தொட்டுக்கொண்டே பட்டனை அமுக்குங்கள். அமுக்கிய நொடியில் 2.9க்குப் பக்கத்தில் நின்றால் செல் நன்றாக இருக்கிறது. சர்ரென்று 2.4க்கு இறங்கினால் குப்பையில் போடலாம். செல் பழசாகும்போது அதன் உள் எதிர்ப்புத்தான் ஏறுகிறது, அது சுமை ஏற்றினால்தான் தெரியும்.

இன்னொன்று. 2032 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2025 செல்லும் அதே 20 மில்லிமீட்டர்தான், ஆனால் தடிமன் 2.5. அதுவும் 3 வோல்ட்தான், உள்ளேயும் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் தகடு சரியாக அழுத்தாது. ஆட்டினால் வேலை செய்யும், மேசையில் வைத்தால் செய்யாது. உங்கள் சாவி எதைக் கேட்கிறது என்று உள்ளே பிளாஸ்டிக்கிலேயே பொறித்திருக்கும்.

அப்புறம், குழந்தைகள் விழுங்காமல் இருக்கச் சில செல்களில் கசப்புப் பூச்சு வருகிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் சில கருவிகளில் அந்தப் பூச்சே தகடோடு தொடர்பைக் கெடுக்கும். அப்படி இருந்தால் பூச்சில்லாத செல் போட்டுப் பாருங்கள். கழற்றிய பழைய செல்லை மட்டும் மேசையில் விட்டுவிடாதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் புண்ணாகிவிடும், தீர்ந்த செல்லாக இருந்தாலும் சரி.

போரூர் சிக்னல்
ஒரு சுலபமான டெஸ்ட் இருக்கிறது. மொபைல் கேமராவை ஆன் செய்து, ரிமோட்டை அதற்கு நேராகக் காட்டி அமுக்குங்கள். திரையில் ஒளி மினுங்கினால் ரிமோட் ஓகே.

ரிச்சித் தெரு வாசி
அது டிவி ரிமோட்டுக்கு. டிவி ரிமோட் அகச்சிவப்பு ஒளியில் பேசும், கேமராவுக்குத் தெரியும். கார் ரிமோட் ரேடியோ அலையில் பேசுகிறது. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் 433.92 மெகாஹெர்ட்ஸ். அதை எந்தக் கேமராவும் பார்க்காது. இந்த டெஸ்டை நம்பி நல்ல சாவியைத் தூக்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

சாவியில் ஒரு குட்டி எல்இடி எரிந்தால் செல்லும் பட்டனும் பரவாயில்லை என்று மட்டும்தான் பொருள். சிக்னல் போகிறதா என்பதற்கு அது சாட்சி இல்லை. சாவி கீழே விழுந்து உள்ளே அலைவரிசையைக் கொடுக்கும் கிறிஸ்டல் விரிசல் விட்டிருந்தால், எல்இடி ஜம்மென்று எரியும், காற்றில் ஒன்றும் போகாது.

குரோம்பேட்டை கேட்
ரிமோட்டைத் தாடைக்கு அடியில் வைத்து அமுக்கிப் பாருங்கள் பாஸ். தூரம் கூடும். சிரிக்காதீர்கள், நிஜம்.

அண்ணாநகர் டவர்
பேஸ்மென்ட்டில் தாடையில் சாவியை வைத்துக்கொண்டு நின்றால் செக்யூரிட்டி என்ன நினைப்பார்?

ரிச்சித் தெரு வாசி
குரோம்பேட்டையார் சொல்வது பொய்யில்லை. தலையில் இருக்கும் நீர்ச்சத்து ஆன்டெனாவுக்குக் கொஞ்சம் துணை போகும். ஆனால் அது வைத்தியம் ஆகாது. பத்தடியில் திறக்காத வண்டிக்குத் தாடையால் என்ன செய்ய முடியும்?

புதுப்பேட்டை சாவிக்காரன்
மேடவாக்கம் தம்பி, எல்லாரும் சாவியைப் பிரிக்கச் சொல்கிறார்கள். பிரிக்காதே. முதலில் வீட்டு பீரோவில் இருக்கும் ஸ்பேர் சாவியை எடு. அதை வைத்து, அதே இடத்தில், அதே தூரத்தில் அமுக்கிப் பார். என் கடைக்கு வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பாதிப் பேர் ஸ்பேர் சாவியைத் தொட்டே இருக்க மாட்டார்கள்.

ஸ்பேர் நன்றாக வேலை செய்தால் கோளாறு உன் கையில் இருக்கும் சாவியில். ஸ்பேரும் அதே மாதிரி படுத்தினால் சாவியை விட்டுவிடு, காரைப் பார், காரைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார். ஸ்பேர் சாவியில் செல் வாங்கிய நாளில் போட்டதாக இருக்கும், அதனால் அதற்கும் புது செல் போட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

அடுத்தது இடம். ஃப்ளாட்டில் அமுக்கு, தெருவில் நிறுத்தி அமுக்கு, ஆபீஸில் அமுக்கு. எழுதி வை. அப்புறம் வந்து சொல்.

சாவிதான் என்று ஆகிவிட்டால் நான் பார்க்கும் வரிசை வேறு. செல்லைப் பிடிக்கும் தகடு தளர்ந்திருக்கும், மெதுவாக நகத்தால் தூக்கிவிட்டால் போதும். அல்லது தகட்டின் சால்டர் விட்டிருக்கும். லேசாக ஆட்டினால் கண்ணுக்கே தெரியும், ஈயத்தைச் சுற்றி முடி மாதிரி ஒரு வட்டக் கோடு. சால்டரிங் அயர்னால் சூடு காட்டினால் ஒட்டிக்கொள்ளும். பட்டனுக்கு அடியில் ரப்பர் பேட் இருக்கிற மாடலில் கறுப்புப் பூச்சு தேய்ந்திருக்கும், குட்டி சுவிட்ச் இருக்கிற மாடலில் சுவிட்ச் போயிருக்கும். அன்லாக் பட்டன்தான் பெரும்பாலும் முதலில் போகும். சுவிட்சை மாற்றச் சில நிமிஷ வேலை, செலவும் சாப்பாட்டுக் காசுதான். அதற்கெல்லாம் போர்டையே மாற்றச் சொல்கிறவனிடம் சாவியைக் கொடுக்காதே.

நீலாங்கரை அலை
சாவிக்கார அண்ணே, நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். கடற்கரையிலிருந்து இரண்டாவது தெருவில் இருக்கிறோம். சாவியைத் திறந்தால் தகட்டில் பச்சையாகப் பூத்திருக்கிறது. எதால் துடைப்பது? அப்புறம், ரிமோட் செத்துப்போன அன்று உள்ளே இருக்கும் இரும்புச் சாவியைப் போட்டுத் திருப்பினேன், பூட்டு அசையவே இல்லை.

புதுப்பேட்டை சாவிக்காரன்
உப்புக்காற்றும்மா. ஐசோப்ரோபைல் ஆல்கஹால் என்று கேளுங்கள், மருந்துக் கடையிலும் எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். பழைய டூத் பிரஷில் தொட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டுச் செல்லைப் போடுங்கள். உப்புத்தாள் வேண்டாம், முலாம் போய்விட்டால் அடுத்த மாதமே மறுபடி பூக்கும்.

பூட்டு அசையாததற்குக் காரணம், வண்டி வாங்கியதிலிருந்து அதில் சாவியே போட்டிருக்க மாட்டீர்கள். பவுடர் கிராஃபைட் அல்லது டெஃப்லான் ஸ்ப்ரே கொஞ்சம் அடித்து, சாவியைப் பல தடவை உள்ளே வெளியே இழுத்து, மெல்லத் திருப்புங்கள். தேங்காயெண்ணெய் விட்டுவிடாதீர்கள். தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். பலத்தைக் காட்டித் திருப்பினால் சாவி உள்ளேயே முறியும், அந்த வேலைக்கு நான் கூடுதலாக வாங்குவேன்.

நீலாங்கரை அலை
நன்றி அண்ணே. டிரைவர் கதவுக் கைப்பிடியில் துவாரமே இல்லையே என்று தேடிக்கொண்டிருந்தேன். கைப்பிடி ஓரத்தில் இருந்த பிளாஸ்டிக் மூடியை நெம்பினால் உள்ளே ஒளிந்திருக்கிறது! இப்படித் திறந்தால் அலாரம் அலறுமா?

புதுப்பேட்டை சாவிக்காரன்
பல வண்டிகளில் அலறும். பயப்படாதீர்கள், உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தால் நின்றுவிடும். ரிமோட் செல் முழுசாகத் தீர்ந்திருந்தாலும் ஸ்டார்ட் ஆகும். சாவியை நேராக ஸ்டார்ட் பட்டன்மேலேயே ஒட்டிப் பிடித்து பிரேக்கை மிதித்து அமுக்க வேண்டும். சாவிக்குள் செல் தேவைப்படாத ஒரு சிப் இருக்கிறது, வண்டியே அதற்குக் கரண்ட் கொடுத்துப் படிக்கும். சில மாடலில் பட்டனுக்குப் பதில் கப் ஹோல்டரிலோ ஸ்டீயரிங் பக்கத்திலோ இடம் இருக்கும். கையேட்டில் அந்தப் பக்கத்தை ஒரு தடவை படித்துவிடுங்கள். நடு ராத்திரி ஜிஎஸ்டி ரோட்டில் நின்று தேடக் கூடாது.

மேடவாக்கத்தான்
செய்துவிட்டேன் அண்ணே. ஸ்பேர் சாவிக்கும் புது செல் போட்டேன். பேஸ்மென்ட்டில் இரண்டு சாவியுமே ஒரே மாதிரி படுத்துகின்றன. கிண்டி ஆபீஸ் பார்க்கிங்கில் இரண்டுமே வாசல் கேட்டிலிருந்து அமுக்கினால்கூடத் திறக்கின்றன! பல்லாவரம் ரேடியல் ரோட்டில் ஓரமாக நிறுத்திப் பார்த்தேன், அங்கேயும் சுத்தமாக வேலை செய்கிறது.

அண்ணாநகர் டவர்
அப்போ உங்கள் ஃப்ளாட்டுக்கு வாஸ்து சரியில்லை.

தாம்பரம் லோகோ
கார் பேட்டரியைப் பார்த்தீர்களா? 12 வோல்ட் பேட்டரி சோர்ந்தால் ஸ்மார்ட் கீ முதலில் மக்கர் பண்ணும். ராத்திரி முழுக்க நின்ற பிறகு 12.6 இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும்.

மேடவாக்கத்தான்
காலையில் அளந்தேன், 12.5. ஓடும்போது 14.1.

ரிச்சித் தெரு வாசி
பேட்டரி இல்லை. சாவியும் இல்லை, இரண்டு சாவி ஒரே நாளில் ஒரே மாதிரி கெட்டுப்போகாது. காரும் இல்லை, கிண்டியில் கேட்டிலிருந்தே திறக்கிறது. மிச்சம் இருப்பது பேஸ்மென்ட். அங்கே ஏதோ ஒன்று இரைச்சல் போடுகிறது.

சாவி காற்றில் அனுப்புவது ரொம்பச் சின்ன சக்தி. காருக்குள் இருக்கும் ரிசீவர் அதைக் காது கொடுத்துக் கேட்கிறது. பக்கத்தில் வேறு எதுவாவது அதே அலைவரிசையில் கரகரத்தால், நாதஸ்வரக்காரர் பக்கத்தில் நின்று ரகசியம் பேசுகிற கதைதான். சாவி காருக்குள் வந்துவிட்டால் ரிசீவருக்கு அருகில் இருக்கிறது, அதனால் கேட்டுவிடுகிறது, ஸ்டார்ட் ஆகிறது. நீங்கள் முதல் பதிவில் சொன்னதோடு இது பொருந்துகிறது.

கைப்பிடி பட்டன் ஏன் சில நேரம் மட்டும்? அதில் இரண்டு பேச்சு. நீங்கள் தொட்டதும் கார்தான் முதலில் 125 கிலோஹெர்ட்ஸ் பக்கம் தாழ்ந்த அலையில் "சாவி இருக்கிறாயா" என்று கூப்பிடும். அந்த அலை ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டருக்கு மேல் எட்டாது. அதைக் கேட்டு விழித்த சாவி 433இல் பதில் சொல்லும். இரண்டில் எது அடிபட்டாலும் கதவு திறக்காது.

மூன்று கேள்வி. காருக்குள் டாஷ்கேம், மலிவு யூஎஸ்பி சார்ஜர் ஏதாவது எப்போதும் ஆனில் இருக்கிறதா? இந்தத் தொல்லை ஆரம்பித்த சமயத்தில் ஃப்ளாட்டில் புதிதாக என்ன மாட்டினார்கள்? காலை, இரவு, நடுப்பகல் என்று ஏதாவது வித்தியாசம் உண்டா?

மேடவாக்கத்தான்
டாஷ்கேம் இருக்கிறது, ஆனால் அது கிண்டியிலும்தானே காருக்குள் இருக்கிறது? இருந்தாலும் வயரைப் பிடுங்கிப் பார்த்தேன், மாற்றமில்லை. ஃப்ளாட்டில் புதிதாக... கேமரா மாட்டினார்கள், வாசலில் பூம் பேரியர் வைத்தார்கள், பேஸ்மென்ட்டில் ஆள் நடந்தால் எரியும் சென்சார் லைட் போட்டார்கள். எல்லாம் ஒரே சமயத்தில், அசோசியேஷன் தேர்தல் முடிந்த கையோடு.

ரிச்சித் தெரு வாசி
சென்சார் லைட்! இன்று ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு இறங்குங்கள். உங்கள் வண்டிப் பக்கம் போய் அசையாமல் நில்லுங்கள். லைட் அணையும்வரை கையைக்கூட ஆட்டாதீர்கள். அணைந்ததும் பைக்குள் இருக்கும் சாவியை விரலால் மட்டும் அமுக்குங்கள்.

அண்ணாநகர் டவர்
முதலில் தாடை, இப்போது இருட்டில் சிலை. இந்த இழையை செக்யூரிட்டிக்கு யாராவது அனுப்பி வையுங்கள்.

மேடவாக்கத்தான்
திறந்துவிட்டது!!

தூணுக்குப் பின்னால் நின்றேன். லைட் எரியும்போது அமுக்கினேன், ஒன்றுமில்லை. அசையாமல் நின்றேன், கொசு பிடுங்கி எடுத்துவிட்டது. சட்டென்று இருட்டாகியது. அமுக்கினேன், டிக் என்று இண்டிகேட்டர் இரண்டு தடவை மின்னித் திறந்தது. உடனே நான் அசைந்ததில் லைட் எரிந்தது. லாக் அமுக்கினேன், பூட்டவில்லை. மறுபடி சிலை, மறுபடி இருட்டு, பூட்டியது.

தாம்பரம் லோகோ
லைட் எப்படி ரேடியோவைக் கெடுக்கும்? கரண்ட் வேறு, அலை வேறு இல்லையா? பழைய ட்யூப்லைட் காலத்தில் இந்தத் தொல்லை இருந்ததில்லையே.

ரிச்சித் தெரு வாசி
எல்இடி நேராக 230 வோல்ட்டில் எரியாது. உள்ளே டிரைவர் என்று ஒரு சின்ன சப்ளை இருக்கும். அது கரண்டை வினாடிக்குப் பல்லாயிரம், சில லட்சம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. ஒவ்வொரு வெட்டும் கூர்மையாக இருப்பதால் அதன் சிதறல் அதைவிட எவ்வளவோ உயர்ந்த அலைவரிசைகள்வரை எட்டும். வெட்டும் வேகமே 125 கிலோஹெர்ட்ஸ் அருகில் விழுந்தால் கைப்பிடி பட்டனும் அவுட். நல்ல டிரைவரில் இதை அடக்க ஃபில்டர் காயிலும் கெப்பாசிட்டரும் போட்டிருப்பார்கள். விலையைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் கழற்றுவது அதைத்தான். லைட் எரியும், வெளிச்சம் வரும், யாருக்கும் சந்தேகம் வராது. பழைய ட்யூப்லைட்டின் சோக் இப்படி வெட்டாது, அதனால்தான் அப்போது தொல்லை இல்லை. வெளிநாடுகளில் எல்இடி பல்பு மாட்டியதும் கராஜ் கதவு ரிமோட் வேலை செய்யாமல் போவது ரொம்பப் பழைய புகார்.

மேடவாக்கம், எல்லா லைட்டும் இல்லாமல் ஒரே ஒரு லைட்கூடக் காரணமாக இருக்கலாம். பேஸ்மென்ட் லைட்டுக்கான எம்சிபியை, அதாவது போர்டில் இருக்கும் பிரேக்கர் சுவிட்சை, இறக்கிப் பார்த்துவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகப் பாருங்கள். நீங்களே ஏணி போட்டுக் கழற்ற வேண்டாம், எலெக்ட்ரீஷியனை வைத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூர் பாலம்
வேறு ஒரு சந்தேகம். என் பையன் ரிமோட்டை வைத்து வீட்டில் நாள் முழுக்க அமுக்கி விளையாடினான். அப்புறம் அந்த ரிமோட்டுக்கு வண்டி திறக்கவில்லை. இதுவும் இரைச்சலா?

ரிச்சித் தெரு வாசி
இல்லை, இது எண் தவறியது. ஒவ்வொரு அமுக்கலுக்கும் சாவி புது எண் அனுப்பும், கார் அடுத்த எண்ணை எதிர்பார்த்திருக்கும். திருடன் ஒன்றைப் பதிவு செய்து திரும்ப அனுப்ப முடியாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. காருக்குக் கேட்காமல் பையன் அமுக்கிக்கொண்டே போனதில் சாவி முன்னால் ஓடிவிட்டது. கொஞ்சம்தான் ஓடியிருந்தால் கார் தானாகப் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் என்றால், வண்டிப் பக்கத்தில் நின்று அடுத்தடுத்து இரண்டு தடவை அமுக்குங்கள், பல மாடல்களில் சேர்ந்துகொள்ளும். இல்லையென்றால் கதவைச் சாவியால் திறந்து இக்னிஷன் போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால்தான் ஸ்கேனர் போட்டுச் சாவியை மறுபடி காரோடு சேர்க்க வேண்டும்.

வேளச்சேரி மேம்பாலம்
மழை வந்தால் நாங்கள் காரைக் கொண்டுபோய்ப் பாலத்தில் ஏற்றிவிடுவோம், அது ஊருக்கே தெரியும். ஆனால் போன மழையில் சாவி பாக்கெட்டில் இருந்தபடியே இடுப்பளவு தண்ணீரில் நடந்துவிட்டேன். அரிசியில் போட்டு வைத்திருக்கிறேன்.

புதுப்பேட்டை சாவிக்காரன்
அரிசியை வடித்துச் சாப்பிடுப்பா. முதலில் செல்லைக் கழற்று. தண்ணீரைவிட, தண்ணீரோடு கரண்ட் சேர்வதுதான் போர்டைத் தின்கிறது. வெள்ளத் தண்ணீர் சாக்கடைத் தண்ணீர், அதனால் ஆல்கஹாலில் போர்டைக் கழுவி, ஃபேனுக்கு அடியில் ஒரு நாள் காயவிட்டு அப்புறம் புது செல் போடு. ஹேர் டிரையரைக் கிட்டே கொண்டுபோகாதே, பிளாஸ்டிக் கோணிக்கொள்ளும். சேற்றில் ஊறிய சாவி அன்றைக்கு வேலை செய்தாலும் பொங்கலுக்குள் நின்றுவிடும். கழுவாமல் விடாதே.

மேடவாக்கத்தான்
எம்சிபியை இறக்கினோம். பேஸ்மென்ட் சரிவுப்பாதையின் தலையில் நின்று அமுக்கினேன், வண்டி கண் சிமிட்டியது. அப்புறம் எலெக்ட்ரீஷியன் ஒவ்வொரு லைட்டாகக் கழற்றினார். என் ஸ்லாட்டுக்கு நேர் மேலே இருக்கும் ஒன்றும், அதற்கு அடுத்த தூணில் இருக்கும் ஒன்றும்தான். மற்றவை எல்லாம் எரிந்தாலும் ரிமோட் வேலை செய்கிறது.

செக்ரட்டரி மாமாவிடம் சொன்னேன். "ஒருத்தர் சாவிக்காக அசோசியேஷன் பணத்தில் லைட் மாத்தணுமா?" என்றார். பக்கத்து ஸ்லாட் அத்தை அங்கேயே நின்றிருந்தார். போன மாதம் இதே தொல்லைக்கு அவர் புது சாவியே வாங்கியிருக்கிறார், அதுவும் படுத்துகிறதாம். அத்தை செக்ரட்டரியைப் பார்த்த பார்வையில் விவாதம் முடிந்தது. அந்த இரண்டு லைட்டையும் வாரண்டியில் மாற்றித் தருவதாக சப்ளையர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

குரோம்பேட்டை கேட்
அதுவரைக்கும் தாடை இருக்கிறது தம்பி.

ரிச்சித் தெரு வாசி
மாற்றி வருகிற லைட்டும் அதே கம்பெனி, அதே பேட்ச் என்றால் மாட்டும் அன்றே சாவியோடு கீழே நில்லுங்கள். எலெக்ட்ரீஷியன் ஏணியை விட்டு இறங்குவதற்குள் எரியவிட்டு அமுக்கிப் பாருங்கள். சரியில்லை என்றால் அப்போதே வேறு மாடல் கேட்டு வாங்குங்கள்.

தாம்பரம் லோகோ
ஸ்பேர் சாவியை இனி எங்கே வைப்பது? காருக்குள்ளேயே டேஷ்போர்டில் போட்டு வைத்தால் பூட்டாது என்கிறார்களே.

புதுப்பேட்டை சாவிக்காரன்
காருக்குள் வேண்டவே வேண்டாம். நிறைய வண்டி உள்ளே சாவி இருந்தால் பூட்ட மறுக்கும், பூட்டினாலும் திருடனுக்கு நீயே சாவி கொடுத்த மாதிரி. வீட்டிலும் வாசல் கதவை ஒட்டி ஆணியில் மாட்டாதே. தனி வீட்டு வாசலில் கார் நிற்கிறது என்றால் சாவியின் சிக்னலை உள்ளேயிருந்து நீட்டி இழுத்து வண்டி திறக்கிற கருவியோடு திரிகிறார்கள். உள் அறை பீரோ நல்லது. ஒரு சாவியைத் தொலைத்துவிட்டு ஒற்றைச் சாவியோடு ஓட்டிக்கொண்டும் இருக்காதே. வண்டி திருடு போனால் இன்சூரன்ஸ்காரர் இரண்டு சாவியையும் மேசையில் வைக்கச் சொல்வார். வருடத்துக்கு ஒரு தடவை ஸ்பேரிலும் செல்லை மாற்றி, ஒரு நாள் அதை வைத்து ஓட்டு.

மேடவாக்கத்தான்
சரி அண்ணே, பீரோவில் வைத்துவிட்டேன். ரிச்சித் தெருவில் பூச்சில்லாத 2032 செல் எந்தப் பக்கக் கடையில் கேட்கலாம் என்று யாராவது சொன்னால் சனிக்கிழமை போய் அத்தைக்கும் சேர்த்து வாங்கி வந்துவிடுவேன்.

ரிச்சித் தெரு வாசி
மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே நுழைந்து, உதிரி பாகம் விற்கும் கடை எதிலும் கேளுங்கள். அட்டையின் பின்னால் தேதி பார்த்து வாங்குங்கள், ஐந்து செல் அட்டையாக வாங்கினால் மலிவு. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் போகாதீர்கள், கால் வைக்க இடம் இருக்காது. காரில் போகவே போகாதீர்கள்.